முற்றத்தில் நிற்கும் பிள்ளைகள்

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. தோவாளையில் பூக்கட்டியே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். கிளாக்கோமாவால் வலது கண் முழுதும் போய்விட்டது, இடது கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. டிவியில் ஓடும் கொட்டை எழுத்தை வாசித்துவிடுகிறார்; ஆனால் காலடியில் இருக்கும் குடத்தில் இடித்துக்கொள்கிறார். 'வேண்டியது மட்டும் தெரியுது பாரு' என்று நாத்தனார் குத்திக்காட்டுகிறார். ஆடி மாதத்திலிருந்து புதிதாக ஒன்று: முற்றத்தில் பாவாடை சட்டை போட்ட சின்னப் பிள்ளைகள் வரிசையாக நிற்பதாகச் சொல்கிறார். இசக்கியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு ஒரு ஹோம் நர்ஸ் வைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். நான் பகலில் கடை வேலைக்குப் போகிறவள். என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், தோவாளை

பதில்: முதலில் அந்தப் பிள்ளைகள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அத்தைக்குப் புத்தியும் பேதலிக்கவில்லை, எதுவும் அண்டவும் இல்லை. கண்ணிலிருந்து வரும் செய்தி குறைந்துபோனால் மூளையில் பார்வைக்கென்று உள்ள பகுதி சும்மா இருப்பதில்லை. தானே உருவங்களை உண்டாக்கிக் காட்டும். இதற்கு சார்லஸ் பானே நோய்க்குறி என்று பெயர். ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை அறிஞர் சார்லஸ் பானே, பார்வை மங்கிய தன் தாத்தா ஆட்களையும் பறவைகளையும் வண்டிகளையும் கட்டடங்களையும் காண்பதாக 1760-இல் எழுதிவைத்தார். தாத்தாவின் அறிவு தெளிவாகவே இருந்தது. சின்ன உருவங்கள், அலங்காரமான உடை, பூவேலை போன்ற கோலங்கள் எல்லாம் இதில் சகஜம். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று மறைத்துவிடுகிறவர்கள் நிறைய. உங்களிடம் சொல்லியிருக்கிறாரே, அது பெரிய விஷயம்.

ஒன்றை மட்டும் பதறாமல் கேட்டுப் பாருங்கள்: அந்தப் பிள்ளைகள் பேசுகிறார்களா? பானே நோய்க்குறியில் உருவங்களுக்குச் சத்தம் இருக்காது. அவை நிஜமில்லை என்றும் பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கும், அல்லது சொன்னால் புரிந்துகொள்வார். அப்படியென்றால் விளக்கைப் போடச் சொல்லுங்கள். கண்ணைச் சிமிட்டி, வலமும் இடமுமாகச் சில தடவை பார்வையை ஓட்டினால் பெரும்பாலும் கலைந்துவிடும். மாறாகக் குரல் கேட்கிறது, அவர்களோடு பேசுகிறார், காய்ச்சல் இருக்கிறது, ஆளே திடீரென்று குழம்பிப் போயிருக்கிறார் என்றால் அது வேறு சங்கதி. சிறுநீர்த் தொற்றோ புதிய மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இசக்கியம்மனைக் கும்பிட அத்தைக்கு ஆசையிருந்தால் தாராளமாகக் கூட்டிப்போங்கள். பேய் ஓட்டவென்று மட்டும் கூட்டிப்போகாதீர்கள்.

அடுத்தது உங்கள் நாத்தனார். கிளாக்கோமா பெரும்பாலும் ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும். நடுப்பார்வை கடைசி வரை தாக்குப்பிடிக்கும். அதனால் நேரே இருக்கும் எழுத்து தெரியும், காலடியில் இருக்கும் குடம் தெரியாது. தெரியாத இடம் கறுப்பாகவும் இருக்காது. சுற்றிலும் உள்ளதை வைத்து மூளை அந்த இடத்தை இட்டு நிரப்பிவிடும். குடம் இருக்கிற இடத்தில் வெறும் தரையைக் காட்டும். முற்றத்தில் பிள்ளைகளை நிறுத்தியதும் இதே மூளைதான். நாத்தனார் நம்பவில்லை என்றால் ஒரு தாளைக் குழாயாகச் சுருட்டிக் கொடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணில் அதை வைத்தபடி அடுக்களையிலிருந்து முற்றம் வரை நடந்துவிட்டு வரட்டும். அதற்குப் பிறகு நடிப்பு என்ற பேச்சை எடுக்கமாட்டார்.

இது புரிந்துவிட்டால் வீட்டில் செய்ய வேண்டியது பாதி தானாகத் தெரிந்துவிடும். குடத்துக்கு ஓர் இடம் என்றால் என்றைக்கும் அதே இடம். நடைபாதையில் செருப்பு, பூக்கூடை, சைக்கிள் எதுவும் வேண்டாம். உங்கள் ஊர்க் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வருகிற காற்றில் பாதி திறந்து கிடக்கும் கதவு ஓர் ஆயுதம். ஒன்று கொக்கி மாட்டி முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்கச் சாத்தியிருக்க வேண்டும். அதோடு அந்த இரைச்சலில் காலடிச் சத்தமும் கேட்காது. ஆகவே அருகில் போகும்போது 'அத்தை, நான்தான்' என்று ஒரு குரல் கொடுங்கள். எழுந்து போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். காலியான நாற்காலியோடு அவர் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். படி விளிம்புகளில் பளிச்சென்ற மஞ்சள் பெயிண்ட் ஒரு பட்டை, அங்கணத்தில் ஈரம் நிற்காமல் ஒரு சொரசொரப்பான விரிப்பு, கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, இரவில் அங்கே போகும் வழியில் ஒரு சிறு விளக்கு. எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு எங்கே இருக்கிறது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது, வாழையிலையில் தெரியும். மீனில் முள்ளை எடுத்து வையுங்கள், ஆனால் ஊட்டிவிடாதீர்கள்.

பூக்கட்டுவதை ஏன் நிறுத்த வேண்டும்? உங்கள் கணவர் அக்கறையில்தான் சொல்கிறார், எனக்கு அதில் உடன்பாடில்லை. பிச்சி மொட்டை எண்ணி வைத்து நாரைச் சுற்றி முடிச்சை இறுக்குவது ஐம்பது வருடப் பழக்கமுள்ள விரலின் வேலை. அந்த வேலையையும் பிடுங்கிவிட்டால் பகல் முழுக்க அவர் என்ன செய்வார்? சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான் இந்த உருவங்கள் அதிகம் வரும். 2025-இல் புவிசார் குறியீடு வாங்கிய உங்கள் ஊர் மாணிக்கமாலை வேறு மாதிரி. செவ்வரளியும் வெள்ளரளியும் நொச்சி இலையும் நிறம் பார்த்து மடித்து வைக்கிற வேலை அது. அதை இளையவர்கள் செய்யட்டும். அரளியில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அதன் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். அரளிக் கூடைக்குப் பக்கத்தில் அத்தையின் காப்பித் தம்ளரை வைக்காதீர்கள். தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

ஹோம் நர்ஸ் வைப்பது தவறில்லை, நீங்கள் வேலைக்குப் போகிறவர். ஆனால் முழுநாள் ஆள் இப்போதைக்குத் தேவைதானா என்று யோசியுங்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் போதும் என்றுதான் எனக்குப் படுகிறது. வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: அத்தையின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, பின்னாலிருந்து தள்ளவும் கூடாது. அத்தைதான் இவருடைய முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்வார்; இவர் அரையடி முன்னால் நடந்து, படி வந்தால் ஏற்றமா இறக்கமா என்று சொல்ல வேண்டும். பொருள்களை இடம் மாற்றி 'அழகாக' அடுக்குகிறவர் என்றால் அந்த ஆள் வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் மாத்திரையை வீட்டிலேயே தர 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிறது; உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். முதியோருக்கான 14567 உதவி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்து. போன பார்வை அதனால் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் அது. 'எப்படியும் போய்விட்டதே' என்று விட்டுவிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். காலை மருந்துக் குப்பிக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவு மருந்துக்கு இரண்டு என்று போட்டுவிட்டால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். இரண்டு மருந்துகளுக்கு நடுவில் ஐந்து நிமிடம் விட வேண்டும். வீசிங் இருந்தால் கண் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். சில சொட்டுகள் அதற்கு ஆகாது.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். 'எழுத்து வாசிக்கிறாரே' என்று யாராவது சொன்னால் பார்வைப்புலப் பரிசோதனைத் தாளை நீட்டுங்கள். 2016 சட்டப்படி, எழுத்து எவ்வளவு தெரிந்தாலும் பார்வைப்புலம் 40 பாகைக்கும் கீழே சுருங்கியிருந்தால் குறைபார்வை, 10 பாகைக்கும் கீழே போனால் பார்வையின்மை. சான்றிதழ் கிடைத்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மடக்குக் கோலும் உதவித்தொகையும் கேளுங்கள். பெரிய கண் மருத்துவமனைகளில் குறைபார்வைப் பிரிவு உண்டு. திருநெல்வேலி அரவிந்துக்குப் போனால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

அங்கே போகும்போது உங்கள் கணவரையும் நாத்தனாரையும் கூடவே கூட்டிப்போங்கள். கிளாக்கோமா குடும்பத்தில் ஓடும் நோய்; பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வர வாய்ப்பு கூடுதல். ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது போதாது. கண் அழுத்தம், பார்வை நரம்பு, பார்வைப்புலம் மூன்றையும் மூன்று பிள்ளைகளுக்கும் இந்த வருடமே பார்த்துவிட வேண்டும்.