கேஸ் எங்கே போயிற்று?

காஞ்சீபுரத்தில் பட்டு வியாபாரம் செய்கிறவனுக்கு டீசல் பிக்கப் எதற்கு, அந்தப் பிக்கப்புக்கு ஏசி எதற்கு என்று கேட்கும் நண்பர்கள், அக்கினி நட்சத்திரத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு, பின் இருக்கையில் முகூர்த்தப் புடவைகளை அடுக்கிக்கொண்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு வாலாஜாபாத் சாலையில் ஒரு தடவையாவது பிரயாணம் செய்தவர்களாக இருக்க முடியாது. ஜல்லி லாரிகள் கிளப்பும் தூசியும் ஓட்டுகிறவனுடைய வேர்வைக் கையும் பட்டுக்கு விரோதிகள். மெல்லிய வெள்ளித் தகட்டைப் பட்டு இழைமேல் சுற்றிப் பொன்முலாம் பூசிய அசல் ஜரிகைக்கோ ஈரமும் புகையும் அதைவிடப் பெரிய விரோதிகள். குளிர்சாதனம் என்பது மனிதனுடைய சுகத்துக்காகப் பிறந்தது என்று எண்ணுவதே தவறு. 1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர் என்ற இளம் என்ஜினீயர் அதை முதன்முதலில் வகுத்தது, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சுக்கூடத்தில் ஈரக் காற்றால் காகிதம் விரிந்து, ஒரு வர்ணத்தின்மேல் மறு வர்ணம் பொருந்தாமல் போன சங்கடத்தைத் தீர்ப்பதற்காகத்தான். நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்டூவர்ட் க்ராமர் என்பவர் அமெரிக்கப் பஞ்சாலைகளில் நூல் அறாமலிருக்கக் காற்றின் ஈரத்தைச் சீர்செய்ய முற்பட்டார். சரக்கைக் காப்பாற்ற வந்த யந்திரம் அது. நமக்குக் கிடைக்கும் குளிர்ச்சி உபரி லாபம்.

எங்கள் பிக்கப் நான்கு கதவுகள் உள்ளது, வயது முதிர்ந்தது, என்ஜின் விஷயத்தில் இன்றுவரை குறை சொல்ல இடம் வைக்காதது. அதன் ஏசி மட்டும் வருஷா வருஷம் பங்குனி பிறந்தவுடன் நோயில் விழும். விழுந்தவுடன் பட்டறையில் கேட்கும் வாசகமும் வருஷா வருஷம் ஒன்றுதான்.

"மொதலாளி, கேஸ் எறங்கிடுச்சு. ஏத்திட்டா ஐஸ் மாதிரி அடிக்கும்."

"எங்கே இறங்கிற்று தம்பி? அந்த இடத்தைக் காட்டு, ஏற்றலாம்."

இந்தக் கேள்விக்கு விடை தேடியதில்தான் நான் கற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது. டீசல் எரிந்து தீர்வதைப் போல ஏசி கேஸ் தீர்ந்துபோவது கிடையாது. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடேற்றுகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்ஸர் அந்தச் சூட்டை வெளிக்காற்றில் தள்ளி வாயுவைத் திரவமாக்குகிறது. டிரையர் ஈரத்தை உறிஞ்சுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துவாரத்தைக் கடந்ததும் திரவம் அழுத்தம் இழந்து, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து, அறைக் காற்றின் உஷ்ணத்தைக் கவர்ந்துகொண்டு மறுபடியும் கம்ப்ரஸரை அடைகிறது. இது மூடிய சுற்று. ரப்பர் ஹோஸ்களின் வழியாக ஆண்டுக்குச் சில கிராம் கசிவது இயற்கை. ஒரு கோடைக்குள் முழுவதும் காலியானால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை. பாவில் இழை அறுந்தால் எங்கள் நெசவாளி புதுப் பாவு கேட்பதில்லை, அறுந்த நுனியைத் தேடிப் பிணைக்கிறான். பட்டறையில் மாத்திரம் நாம் அந்த நிதானத்தை ஏனோ மறந்துவிடுகிறோம்.

அதைவிட முக்கியமாக, குளிர் குறைந்த சந்தர்ப்பங்களில் பாதிக்கு மேல் கேஸுக்குச் சம்பந்தமே இல்லை என்பது என் அனுபவம். ஆகவே அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டுவதற்கு முன்னால், எந்த வேளையில், எந்த இடத்தில், எந்த விதமாகக் குளிர் குறைகிறது என்பதை இரண்டு மூன்று நாட்களாவது கவனிக்க வேண்டும்.

வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு எழுந்தருளும் நாளில் காந்தி ரோட்டில் அகப்பட்டுக்கொண்ட வாகனத்தைவிடச் சிறந்த பரீட்சைக்கூடம் கிடையாது. சுங்குவார்சத்திரம் வரையில் ஜம்மென்று குளிர்ந்த வண்டி, கூட்டத்தில் நின்ற கால் மணியில் வெந்நீராவி வீசத் தொடங்கினால், கேஸைக் குறை சொல்லாமல் கண்டென்ஸரைப் பார்க்க வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்று செய்த வேலையை, நின்றபோது விசிறி செய்யவில்லை. பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் என்ஜின் விசிறியின் நடுவில் பிசுபிசுப்பான எண்ணெய் அடைத்த ஃபேன் கிளட்ச் ஒன்று இருக்கும். என்ஜின் நன்றாகச் சூடான பின், அதை நிறுத்திச் சாவியையும் எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தால், ஆரோக்கியமான கிளட்ச் சிரமப்பட்டு நகரும். செத்துப்போனது தடையில்லாமல் சுழலும். கண்டென்ஸருக்கென்று தனி மின்விசிறி உள்ள வண்டியில், ஏசி போட்டவுடன் அது சுற்றுகிறதா என்று பார்ப்பதோடு, காற்று உள்பக்கமாக இழுக்கப்படுகிறதா என்றும் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் மோட்டார் உற்சாகமாகத் தலைகீழாகச் சுற்றும்.

விசிறி சரியாக இருந்தும் குறை தீரவில்லையானால், கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள விரற்கடை இடைவெளியை டார்ச் அடித்துப் பார்ப்பது நலம். உத்திரமேரூர்ப் பக்கத்து ஏரிப் பாசனக் கிராமங்களில் அறுவடை முடிந்ததும் கதிரைச் சாலையில் பரப்பி வாகனங்களைக் கொண்டே போரடித்துக்கொள்வது வழக்கம். அதில் பறக்கும் சண்டும் பதரும் முன்பக்கத்து வலையில் நுழைந்து, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியில் கம்பளி போலப் படிந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெல்லிய வேகத்தில், சாதாரணத் தண்ணீர் விட்டால் போதும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் குழாயை அருகே கொண்டுபோனால் அலுமினியத் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபட்டுப் போகும்.

இரண்டாவது லட்சணம், காலையில் குளிர்ந்து, ஒரு மணி நேரம் ஓடிய பின் திடீரென்று நின்று, வண்டி ஆறியதும் மறுபடியும் குளிர்வது. பானெட்டைத் திறந்து, கையையும் வேட்டியையும் பெல்ட்டுக்குத் தூர வைத்துக்கொண்டு, கம்ப்ரஸர் முகப்பைப் பார்க்க வேண்டும். புல்லி எப்போதும் சுற்றும். அதன் முன்னால் உள்ள தட்டு, கிளட்ச் பிடித்தால்தான் கூடச் சுற்றும். தட்டு நின்றிருக்க, டெஸ்ட் லாம்ப் வைத்தால் கரண்ட் வருவது தெரிந்தால், பழைய வண்டிகளில் அனேகமாக இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கிறது என்று அர்த்தம். தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே சுமார் அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டியது, தேய்மானத்தால் ஒரு மில்லிமீட்டரை நெருங்கும்போது, சூட்டில் காந்தச் சுருளின் மின்தடை கூடிக் கவர்ச்சி குறைந்து, தட்டை இழுக்க மாட்டாமல் போய்விடுகிறது. நடுவிலுள்ள மெல்லிய ஷிம் வாஷர் ஒன்றை எடுத்துவிட்டு ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபார்த்தால் தீரும் வியாதி இது. இதற்காகக் கம்ப்ரஸரையே மாற்றிக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். (1939இன் இறுதியில் பாக்கார்ட் கம்பெனி அமெரிக்காவில் ஏசியோடு கார் விற்கத் தொடங்கியபோது கிளட்ச்சே கிடையாது, குளிர் வேண்டாமென்றால் வண்டியை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.) கரண்ட்டே வரவில்லையானால் ப்யூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச் என்ற வரிசையில் பார்க்கலாம். பிரஷர் ஸ்விட்ச்சை மட்டும் ஒயர் வைத்து நேராக இணைத்து ஓட்டிவிட வேண்டாம். கேஸ் குறைந்தால் கம்ப்ரஸரை நிறுத்துவதற்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது. கேஸோடு கலந்துதான் எண்ணெய் சுற்றிவருகிறது என்பதால், கேஸ் இல்லாத கம்ப்ரஸர் எண்ணெயும் இல்லாமல் தேய்ந்து சாகும்.

மூன்றாவதாக நான் கண்ட வியாதி, பட்டு ஊருக்கே உரியது. குளிர் இருந்தது, காற்றின் வேகம் மட்டும் போகப் போகக் குறைந்து, திருப்பெரும்புதூர் தாண்டுவதற்குள் மூச்சுப் போல் ஆகிவிட்டது. ஏசியை அணைத்து, புளோயரை மட்டும் பத்து நிமிஷம் ஓடவிட்டால், கால்மாட்டில் நீர் சொட்டி, காற்று பழையபடி வந்தது. கூலிங் காயிலில் பனி உறைகிறது என்பதற்கு இது தெளிவான அடையாளம். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத மற்றொன்று உண்டு: சுற்றுக்குள் ஈரம் புகுந்து எக்ஸ்பான்ஷன் வால்வின் துவாரத்தில் பனித்துளியாக அடைத்துக்கொள்வது. அப்போதும் குளிர் நின்று நின்று வரும். ஆனால் காற்றின் வேகம் குறையாது, காற்றில் குளிர் மட்டும் மறையும். காற்றே குறைந்தால் காயில், குளிர் மட்டும் குறைந்தால் வால்வ் என்று முகத்தருகே கையை வைத்தே பிரித்துவிடலாம்.

புளோயரைக் கழற்றி, சிறு கண்ணாடியும் டார்ச்சும் கொண்டு பார்த்தபோது, காயிலின் முகம் முழுவதும் சாம்பல் நிறத்தில் ஒரு ஜமக்காளம் விரித்திருந்தது. பழைய பிக்கப்புகளில் உள்காற்றுக்கு ஃபில்டர் கிடையாது. நாங்களோ பிள்ளையார்பாளையத்துத் தறிகளுக்குக் கொண்டுபோகும் நூல் கட்டுகளைப் பின் இருக்கையில் திறந்தபடி வைத்து, உள்காற்றையே சுற்றவிட்டு ஓட்டுகிறவர்கள். நூலிலிருந்து உதிர்ந்த துய் முழுவதும் அந்த ஈரக் காயிலில் ஒட்டிக்கொண்டு, தெருப் புழுதியோடு சேர்ந்து இறுகிவிட்டது. மிருதுவான பிரஷ்ஷும், அலுமினியத்துக்கு ஏற்ற நுரைக் கிளீனரும், பொறுமையும் இருந்தால் டேஷ்போர்டை இறக்காமலேயே பெரும்பகுதியை எடுத்துவிடலாம். வீட்டு ஏசிக்கு அடிக்கிற கடுமையான ஆசிட் கலவை மட்டும் கூடாது. அது மெல்லிய காயிலை அரித்து, இல்லாத ஓட்டையை உண்டாக்கும். இப்போது நூலைத் துணியில் சுற்றித்தான் ஏற்றுகிறோம். புளோயர் காற்று இழுக்கும் வாயில் கழற்றித் துவைக்கக்கூடிய நைலான் வலை ஒன்றும் கட்டியிருக்கிறோம். காயிலுக்கு அடியிலுள்ள வடிகால் குழாயையும் அதே சமயத்தில் குத்திவிட்டால், பயணி காலடியில் பாய் நனைவதும் ஊசிப்போன வாசனையும் நிற்கும்.

ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் யாருக்கும் அது தேவைப்படுவதில்லை. ஆயினும் அதன் வால்வ் கேபிள் தளர்ந்திருந்தால் என்ஜினின் வெந்நீர் ஓயாமல் ஹீட்டருக்குள் ஓடி, காயில் தந்த குளிரை அங்கேயே தின்றுவிடும். ஏசியின் தடித்த குழாய் பானெட்டுக்குள் ஜில்லென்று வேர்த்திருக்க, உள்ளே வெதுவெதுப்பான காற்று வருமானால் ஹீட்டர் ஹோஸைத் தொட்டுப் பார்க்கவும்.

இவ்வளவும் சரியாயிருந்தால் கேஜை மாட்டலாம். 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு பழைய ஆர்-12 வழக்கொழிந்து, நம் வண்டிகளில் ஓடுவது ஆர்-134ஏ. என்ஜின் நின்று ஆறியிருக்கையில், 30 டிகிரி வெயில் வேளையில் இரண்டு கேஜ்களும் 95 பவுண்டை ஒட்டிக் காட்டுமானால் சுற்றில் திரவம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும், எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. ஓடும்போது தாழ்ந்த பக்கம் 30, 40 பவுண்டும், உயர்ந்த பக்கம் நம் கோடையில் 200 முதல் 250 பவுண்டும் இருப்பது சகஜம். இரண்டுமே தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. அப்போது ஓட்டையைத் தேட வேண்டும். கேஸ் வெளியேறும்போது எண்ணெயும் கூடவே வருமாதலால், இணைப்புகளிலும் கண்டென்ஸர் ஓரங்களிலும் கம்ப்ரஸரின் மூக்கிலும் கறுத்த, பிசுபிசுத்த தூசி எங்கே அப்பியிருக்கிறதோ அங்கே சோப்பு நுரை தடவிப் பார்த்தால் பெரும்பாலும் அகப்படும். அகப்படாவிட்டால் நைட்ரஜன் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டையை அடைத்த பின் ஓ-ரிங்குகளையும் டிரையரையும் புதிதாகப் போட வேண்டும். டிரையர் விலை மற்றவற்றோடு ஒப்பிட்டால் அற்பம். பிறகு வேக்குவம். அரை மணி நேரமாவது பம்ப்பை ஓடவிட வற்புறுத்த வேண்டும், ஏனெனில் உள்ளே தங்கிய ஈரம் கொதித்து வெளியேற அந்த வெறுமையும் அவகாசமும் தேவை. ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுகிற பட்டறையில், எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அது அவர்களுக்குப் பிடிப்பதில்லை. கேஸைத் தராசில் எடைபோட்டு, பானெட்டில் ஒட்டியுள்ள சீட்டில் குறித்த கிராமுக்கே ஏற்ற வேண்டும். அதிகமாக ஏற்றினால் குளிர் கூடுவதற்குப் பதிலாக உயர்ந்த பக்க அழுத்தம் ஏறிக் குளிர் குறையும். திறந்த வெளியில் இந்தத் திரவம் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. கண்ணில் தெறித்தால் பார்வை போகும். ஆகவே இந்த ஒரு பகுதியை வீட்டு வாசலில் செய்துபார்க்க நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பெயர் தெரியாத மலிவு டப்பாக்களை வாங்கக் கூடாது. 2011இல் வியட்நாமில் கேஸ் நிரப்பப்பட்ட குளிர்பதனக் கப்பல் கன்டெய்னர்கள் சில வெடித்து உயிர்ச்சேதம் நேர்ந்தது; ஆர்-134ஏ என்ற பெயரில் கலப்படமாக வந்த மீதைல் குளோரைடு, கம்ப்ரஸரின் அலுமினியத்தோடு வினைபுரிந்ததே காரணம்.

மார்கழியில் ஏசியைத் தொடாமல் வைப்பவர்கள் பங்குனியில் கசிவோடு எழுந்திருக்கிறார்கள், கம்ப்ரஸர் தண்டின் சீல் எண்ணெய் காணாமல் வறண்டுவிடுவதால். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம், குளிர் காலத்திலும், ஓடவிடுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. இதையெல்லாம் மீறிக் கம்ப்ரஸரே உள்ளுக்குள் நொறுங்கி, குழாயைக் கழற்றினால் கறுப்பு எண்ணெயில் உலோகத் தூள் மின்னுகிற நிலை வந்துவிட்டால், கம்ப்ரஸரோடு டிரையரும் எக்ஸ்பான்ஷன் வால்வும், பெரும்பாலும் கண்டென்ஸரும் மாற்றி, மிச்சக் குழாய்களைக் கழுவியாக வேண்டும். அந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி, வண்டியின் இன்றைய விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பட்டறைக்குச் சாவியைக் கொடுங்கள்.