செயினைச் சுண்டி இழுக்காதீர்கள்

வாக்கிங்கில் எதிரே இன்னொரு நாய் வந்தால் போதும், எட்டு மாதக் குட்டி பின்னங்காலில் எழும்பி, செயினை இழுத்துக்கொண்டு தெருவே அதிரக் கத்துகிறது. உடனே யாராவது ஒருவர் யோசனை சொல்லிவிடுவார்: "உங்க நாய் உங்கள மதிக்கல சார். செயினச் சுண்டி ஒரு இழு இழுங்க. அடங்கலன்னா மல்லாக்கத் தள்ளி கழுத்த அமுக்கிப் புடிங்க. வீட்ல யாரு தலைவன்னு அதுக்குத் தெரியணும்." குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், பூங்கா வாசலில், ஏன், மாதச் சம்பளம் வாங்கும் டிரெய்னரிடம்கூட இதையேதான் கேட்டுவருகிறார்கள். அப்படியே செய்து, நிலைமை முற்றிய பிறகுதான் நாய் என் மேஜைக்கு வருகிறது. கழுத்து முடியை விலக்கிப் பார்த்தால் முள் பட்டை அழுத்திய இடங்களில் வரிசையாகப் புள்ளிப் புண்கள், சிலவற்றில் சீழ். கை வைத்தாலே உடம்பைச் சுருக்கிக்கொள்கிறது.

இந்தத் 'தலைவன்' கதை பொய். ஒரு கால்நடை மருத்துவராக இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

1947-ல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர், பாசல் விலங்குக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்கள் தலைமைக்காகச் சண்டையிடுவதைப் பார்த்து எழுதியதில் தொடங்கியது இது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் எழுதிய 'ஓநாய்' என்ற நூல் அதை உலகமெங்கும் கொண்டுபோனது. அதே மெக், கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் 1986 முதல் கோடைதோறும் காட்டு ஓநாய்களின் அருகிலிருந்து கவனித்துவிட்டு, 1999-ல் மாற்றி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள், சண்டையிட்டுத் தலைமையைப் பிடிப்பது அங்கே வழக்கமில்லை. தன் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பதிப்பகத்திடமும் கேட்டுக்கொண்டார். எழுதியவரே கைவிட்ட கருத்து அது. அதுவும் ஓநாயைப் பற்றியது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு லாப்ரடார் குட்டியின் கழுத்தை நெரிக்கிறோம்.

குட்டி ஏன் கத்துகிறது? பெரும்பாலும் பயத்தால். சில குட்டிகள் ஓடிப்போய் விளையாட முடியாத ஏமாற்றத்தால். பழக்கமில்லாத இரண்டு நாய்களை அவிழ்த்துவிட்டால் அவை நேருக்கு நேர் நடந்து வருவதில்லை. வளைந்து வரும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பக்கவாட்டில் நின்று மோந்து பார்க்கும், பிடிக்காவிட்டால் விலகிவிடும். செயின் இதில் எதையும் செய்யவிடாது. நம் தெருக்களிலோ ஒரு பக்கம் சாக்கடை, மறுபக்கம் வரிசையாக பைக்குகள். ஒதுங்க இடமில்லாத குட்டி, கத்தியாவது துரத்தப் பார்க்கிறது. எதிரே வந்த நாய் கடந்து போகிறது. குட்டிக்குக் கணக்கு சரியாகிவிட்டது: கத்தினேன், போய்விட்டது.

அந்த நொடியில் கழுத்தில் சுரீரென்று வலித்தால் அது என்ன கற்றுக்கொள்ளும்? வேற்று நாயைக் கண்டால் வலி வரும் என்று. அடுத்த நாளிலிருந்து இன்னும் தூரத்திலேயே கத்தத் தொடங்கும். உறுமியதற்காக அடித்தால் இன்னும் மோசம். உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டால் பயம் போகாது, எச்சரிக்கை மட்டும்தான் போகும். "முன்னறிவிப்பே இல்லாம கடிச்சிடுச்சு டாக்டர்" என்று வருகிறார்களே, அந்த நாய்களில் பலவும் உறுமியதற்காக அடிவாங்கியவை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு நடத்தைக் கோளாறுகளோடு வந்த நாய்களைப் பற்றிய ஆய்வு 2009-ல் வெளியானது. அடித்த, உதைத்த உரிமையாளர்களில் 43 சதவீதம் பேரிடமும், மல்லாக்கத் தள்ளி அமுக்கியவர்களில் 31 சதவீதம் பேரிடமும் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது. கழுத்துப்பட்டையை எதிர்த்து நாய் இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதும், ஹார்னஸ் போட்டால் அப்படி ஏறாததும் 2006-லேயே அளந்து பார்க்கப்பட்டவை. பொமரேனியன் போன்ற சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாயே பலவீனம். அதில் சோக் செயினை மாட்டுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

சரி, என்னதான் செய்வது? கத்தத் தொடங்கிய பிறகு கற்பிக்க ஒன்றுமில்லை. திரும்பி வேறு பக்கம் நடந்துவிடுங்கள். வேலையெல்லாம் அதற்கு முன்னால்தான். எதிர்நாயைக் கண்டதும் குட்டியைக் கவனியுங்கள். தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போய் வாய் மூடும். மோப்பம் பிடிப்பது நிற்கும். வால் விறைக்கும், உடம்பின் பாரம் முன்னங்காலுக்கு வரும். அதற்கும் முந்திய தூரத்தில், நாயைப் பார்த்த உடனே, நகத்தளவு அவித்த கோழித்துண்டு ஒன்று. அந்த நாய் பார்வையில் இருக்கும்வரை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். அது மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். கோழியையே வேண்டாமென்றால் நீங்கள் மிக அருகில் நிற்கிறீர்கள் என்று பொருள். வாரக்கணக்கில் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். நிறுத்தியிருக்கும் கார், ஆட்டோவின் மறைவைப் பயன்படுத்துங்கள். லிஃப்ட் வேண்டாம், கதவு திறந்தால் எதிரே எது நிற்குமென்று தெரியாது. ஊரே நாயோடு இறங்கும் நேரத்தில் நீங்களும் இறங்காதீர்கள். திடீரென்று குணம் மாறிய நாயை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ் வைத்திருந்தாலும் இடுப்பு வலித்தாலும் நாய் சிடுசிடுக்கும்.

தீனி கொடுத்தால் லஞ்சமாகிவிடும் என்பார்கள். ஆகாது, பயம் வந்த இடத்தில் நல்லதைக் கொடுத்து நாயின் மனதை மாற்றுகிறீர்கள். கருத்தடை ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா? பயம் அதனால் போகாது. "விடுங்க, ரெண்டும் பேசிக்கும்" என்பது கடியில்தான் முடியும். பச்சைக்கறி போட்டால் வெறி வராது. வெறிநோய் ஒரு வைரஸால் வருவது. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்றாலே இப்படித்தான் என்பதும் வேண்டாம். நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் எந்த நாயும் இப்படித்தான் ஆகும்.

"முன்னாடி சொன்னதக் கேட்டான், இப்பத் திமிரு" என்பவர்களுக்கு: அது விடலைப் பருவம். நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மாத நாய்கள் வளர்ப்பவர் 'உட்கார்' என்றால் முன்பைவிடக் குறைவாகவே கேட்டன. வேற்றாள் சொன்னபோது அந்தச் சரிவு இல்லை. அந்தப் பருவம் கடந்துபோகும்.

இதெல்லாம் தொடங்குவது குட்டி வீட்டுக்கு வரும் நாளில். முப்பது நாள் குட்டியை "சின்னதுலயே பழக்கிடலாம்" என்று விற்கிறார்கள், வாங்குகிறோம். இன்னொரு நாயிடம் எப்படி நடந்துகொள்வது, எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதையெல்லாம் குட்டி தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கற்கிற நேரத்தில் பிரித்துவிடுகிறோம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. பிறகு, தடுப்பூசி முடியும்வரை வெளியே காட்டாமல் பூட்டிவைக்கிறோம். பார்வோ வைரஸ் தொற்றிவிடும் என்ற பயம் நியாயமானதே. தரையில் விடாதீர்கள், முதல் ஊசி போட்டு ஒரு வாரம் கழித்து, கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பிலும் டீக்கடையிலும் நின்று, தூரத்திலிருந்தே உலகத்தைக் காட்டுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பதினாலாவது வாரம்வரை பார்த்துப் பழகியவற்றுக்குக் குட்டி பின்னாளில் அவ்வளவாக மிரளாது.

குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய்நாயைக் காட்டச் சொல்லுங்கள். பிறந்த தேதியைக் கேட்டு, ஐம்பத்தாறு நாள் ஆகியிருக்கிறதா என்று எண்ணுங்கள். "தாய் ஊர்ல இருக்கு" என்று மழுப்பினால் பணத்தை எடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.