உறக்கத்தின் படிகளும் ஆசிரியர் கடனும்

உறக்கமென்பது ஒருதன்மைத்தாய செயலறவு என்றே பலரும் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று, பல படிகளையுடையது. அவற்றை அறிதல், பிள்ளைகளைப் பயிற்றும் ஆசிரியர்க்கு மிகவும் வேண்டற்பாலதாம்.

நம் சமயநூல்கள் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என அவத்தை ஐந்து கூறும். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து நான்காஞ் சூத்திரத்தில், உயிரினியல்பை விளக்குதற்பொருட்டு இவற்றை எடுத்தோதினார். இக்கால உடற்றொழில் நூலார் ஆராய்வதோ மூளையின் தொழிலையேயாம். இரண்டன் நோக்கமும் வேறாதலின், ஒன்றனை மற்றொன்றெனக் கூறி மாணாக்கரை மயக்குதல் தகாது.

மனிதர் மூளையில் எழும் மின்னலைகளைக் கருவியாற் பதிந்த செய்தியை ஜேர்மனி தேயத்து வைத்தியர் ஹான்ஸ் பெர்கர் 1929ஆம் ஆண்டில் வெளியிட்டார். உறங்குவோரின் விழிகள் மூடிய இமையின்கீழ் இடையிடையே விரைந்தசைதலை, சிக்காகோ பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கி, கிளைற்மன் என்போர் 1953இல் எடுத்துரைத்தனர். இவற்றின் வழியே உறக்கத்தை நான்கு படிகளாக இன்று வகுப்பர். முதலாவது, சிற்றொலிக்கும் கலையும் சிறுதுயில். இரண்டாவது, உடல் வெப்பமும் நாடித்துடிப்புந் தணியும் இளந்துயில். மூன்றாவது, எழுப்புதற்கரிய ஆழ்துயில். உடல் வளர்ச்சிக்குரிய சுரப்பு இதன்கண்ணே மிகும். நான்காவது, விழியசை துயில். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இதிலே தோன்றும். அப்பொழுது கைகால்கள் தளர்ந்து கிடக்கும். இவை ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை சுழன்று வரும். முன்னிரவில் ஆழ்துயிலும் பின்னிரவில் விழியசை துயிலும் மிகும். பகலிற் கற்றவை நினைவில் ஊன்றுதற்கு இவ்விருவகைத் துயிலும் உதவுவன.

விலங்குகட்கும் இப்படிகள் உண்டு; எனினும் அளவும் முறையும் வேறாம். பசு நின்றும் அசைபோட்டும் சிறுதுயில் கொள்ளும். விழியசை துயிலுக்கோ படுத்தல் வேண்டும். கூட்டத்தின் விளிம்பில் உறங்கும் வாத்து, ஒரு கண்ணை விழித்து மூளையின் ஒரு பாதியை மாத்திரம் துயிற்றுதலை 1999இல் ஆராய்ந்தறிந்தனர். ஆபிரிக்காவின் பொற்சுவானாவிலே காட்டுப் பெண்யானைகள் இரண்டு, நாளொன்றுக்குச் சராசரி இரண்டு மணிநேரமே உறங்கியமை 2017இல் வெளியாயிற்று.

மனிதக் குழந்தைக்கு இவ்வாற்றல்கள் இல்லை. ஆறு முதற் பன்னிரண்டு வயதுடையார்க்கு 9 முதல் 12 மணிநேரமும், பதின்மூன்று முதற் பதினெட்டு வயதுடையார்க்கு 8 முதல் 10 மணிநேரமும் உறக்கம் வேண்டும் என்பர் வைத்தியர்.

வவுனியாவின் காட்டோரக் கிராமங்களிலே, யானை வரும் பருவத்தில் வயலுக்கும் தோட்டத்துக்கும் இராக்காவல் செய்வோர் பலர். வெடியொலியும் கூக்குரலும் எழும் இரவில் வீட்டிலுள்ள பிள்ளையின் துயிலும் பலமுறை கலையும். அப்பிள்ளை காலையில் வகுப்பிலே தூங்கிவிழுமாயின், அதனைச் சோம்பரென்று பிரம்பெடுத்தல் நீதியாகுமா? இராவில் நிகழ்ந்ததை முதலில் வினவுதல் வேண்டும். பரீட்சைக்கெனப் பிள்ளையை வைகறை நான்கு மணிக்கு எழுப்பும் பெற்றோர்க்கும், முன்னிரவிலே உறங்கச்செய்யாது எழுப்புவது கற்றதைக் காக்கும் துயிலையே கவர்வதாம் என்று நாம் எடுத்துரைப்போமாக. துயில் குறைந்த பிள்ளையைத் தண்டித்தலாற் கல்வி ஏறாது. துயிலுக்கு வழிசெய்தலே கல்விக்கு வழிசெய்தலாம்.