உறைந்த திசுவை வெட்டும் கருவி ஆபத்தானதா?

கேள்வி: என் மகள் சென்னையில் ஒரு மருத்துவமனை லேபில், உறைந்த திசுவை வெட்டும் கருவியில் வேலை செய்கிறாள். மீனுக்கு ஐஸ் போட்டே பழகிய எங்களுக்கு அந்தக் குளிரை நினைத்தால் பயமாக இருக்கிறது. விளக்குவீர்களா?
– ஒரு வாசகி, கோட்டைக்குப்பம், பழவேற்காடு

பதில்: அதன் பெயர் கிரையோஸ்டாட். குளிர்பெட்டிக்குள் கூரிய பிளேடு இருக்கும். அறுவை சிகிச்சை நடக்கும்போதே கட்டி புற்றுநோயா என்று பார்க்க, திசுவை உறையவைத்துச் சுமார் 5 மைக்ரான் மெல்லியதாகச் சீவுவார்கள். பெரும்பாலான திசுக்களுக்கு மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் போதும். கொழுப்புத் திசுவுக்கு இன்னும் குளிர் வேண்டும்.

மெதுவாக உறைந்தால் பெரிய ஐஸ் படிகங்கள் செல்களைச் சிதைத்துவிடும். ஃப்ரீசரில் மெல்ல உறைந்த மீன் தளர்ந்துபோவதும் இதனால்தான். வேகமாக உறையவைக்கச் சில லேப்களில் உலர் பனியும் (மைனஸ் 78 டிகிரி) திரவ நைட்ரஜனும் (மைனஸ் 196 டிகிரி) பயன்படுகின்றன. இரண்டும் தோலைப் புண்ணாக்கும். திரவ நைட்ரஜன் வாயுவாகும்போது சுமார் 700 மடங்கு விரியும். இறுக மூடிய பாத்திரம் வெடிக்கலாம். காற்றோட்டமில்லாத அறையில் மூச்சு முட்டும். குளிர் தாங்கும் கையுறை, முகத்தடுப்பு, திறந்த காற்றோட்டம் மூன்றும் கட்டாயம்.

குளிர் கிருமியைக் கொல்லாது. காசநோய்க் கிருமி உறைந்த திசுவிலும் உயிரோடிருக்கும். குளிரூட்டும் ஸ்ப்ரே அதைக் காற்றில் கிளப்பிவிடும் என்பதால் தவிர்ப்பதே நல்லது. சுத்தம் செய்யுமுன் கைச்சக்கரத்தைப் பூட்டி, பிளேடைக் கழற்றிவிட வேண்டும்.

இவை உங்கள் மகளின் லேபில் நடக்கின்றனவா என்று கேளுங்கள். நடந்தால் அஞ்ச வேண்டாம். இல்லையென்றால் மேலதிகாரியிடம் கேட்டுப் பெறுவது அவர் உரிமை.