வெள்ளம் வந்தால் ஒப்பந்தம் போய்விடுமா?

நான் வழக்கறிஞன் அல்லன். டிப்ளமோ படித்து, இரயில்வேயில் பால வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் காண்ட்ராக்டர்களின் கடிதங்களை என்னைப்போல் படித்தவர்கள் குறைவு. "எதிர்பாராத வெள்ளம்", "எதிர்பாராத லாரி ஸ்டிரைக்", "எதிர்பாராத சிமெண்ட் விலையேற்றம்" என்று, அந்த முதல் சொல் மட்டும் எந்தக் கடிதத்திலும் தவறாது. இன்று நம் சங்கத்திலேயே பட்டறை, அச்சகம், கேட்டரிங் என்று சிறுதொழில் நடத்தும் குடும்பங்கள் பல. வீட்டு நகையை அடகு வைத்து ஆர்டர் எடுக்கிறார்கள். இடையில் ஏதாவது நேர்ந்தால் சட்டம் நம்மை விட்டுவிடுமா என்று அன்பர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒப்பந்தத் தாளைப் பிரித்துப் பாருங்கள். "போர்ஸ் மெஜூர்" என்ற தலைப்பில், போர், வெள்ளம், தொற்றுநோய், அரசு உத்தரவு என்று அடுக்கி ஒரு பத்தி இருக்கலாம். இருந்தால் நேர்ந்த சம்பவத்தை அதை வைத்துத்தான் அளக்க வேண்டும். அப்படியொரு பத்தி இல்லாத இடத்தில்தான் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆவது பிரிவு பேச வரும். ஒப்புக்கொண்ட வேலை, நம்மால் தடுக்க முடியாத ஒரு நிகழ்ச்சியால் இயலாததாகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்பது அதன் சாரம். எது இயலாதது என்பதில்தான் வழக்கே.

கல்கத்தாவில் டாக்குரியா ஏரிப் பக்கம் ஒரு கம்பெனி மனை போட்டது. ரோடும் வடிகாலும் அமைத்துத் தருவதாகச் சொல்லி, 1940இல் ஒருவரிடம் 101 ரூபாய் முன்பணம் வாங்கியது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1941 கடைசியில் போர்த் தேவைக்காக நிலத்தின் பெரும்பகுதியை அரசு எடுத்துக்கொண்டது. 1943இல் கம்பெனி, "ஒப்பந்தம் ரத்து, முன்பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையேல் இப்போதே மீதியைக் கட்டிப் பத்திரம் முடியுங்கள், போர் முடிந்தபின் ரோடு போடுகிறோம்" என்று எழுதியது. அந்த மனைக்கு உரிமை பெற்றிருந்த சத்யபிரத கோஷ் வழக்குப் போட்டார். அது உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

1953 நவம்பரில் வந்த தீர்ப்பு அவர் பக்கம். இயலாதது என்றால் கை கால் கொண்டு செய்யவே முடியாதது என்று மட்டும் பொருளல்ல. ஒப்பந்தத்தின் நோக்கமே அடியோடு குலைந்தாலும் போதும் என்று கோர்ட் தாராளமாகவே சொன்னது. ஆனால் இங்கே அப்படிக் குலைந்ததா? ரோடு போட இன்ன தேதிக்குள் என்று கெடு இல்லை. நிலத்தை அரசு எடுத்ததும் தற்காலிகமாகத்தான். போர்க்காலத்தில் தாமதம் ஆகும் என்பது கையெழுத்திடும்போதே இரு தரப்புக்கும் தெரியும். ஆகவே ஒப்பந்தம் நிற்கிறது என்றார்கள். எங்கள் பாஷையில் சொன்னால், பாலத்தின் தூணே அடித்துக்கொண்டு போய்விட்டதா, தண்ணீர் மட்டம்தான் ஏறியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்கள்.

நஷ்டம் வேறு, இயலாமை வேறு. இதை ஏற்பதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இராணுவத்துக்கு நெய் வாங்கித் தந்த ஏஜெண்டுகள், போரினால் செலவு ஏறிவிட்டது, பேசிய தொகை போதாது என்று கேட்டார்கள். 1960இல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. 2010இல் இந்தோனேஷியா விதியை மாற்றியதால் நிலக்கரி விலை ஏறிற்று. பெரிய மின் கம்பெனிகளே முறையிட்டும் 2017இல் அதே பதில்தான் கிடைத்தது. விலையேற்றத்துக்குப் பரிகாரம், ஆர்டர் எடுக்கும்போதே விலை மாறுபாட்டுக்கு ஒரு வரி எழுதி வாங்குவது. இரயில்வேயின் பெரிய வேலைகளில் இது உண்டு. சிறு ஆர்டரிலும் கேட்பதில் வெட்கம் என்ன?

ஆண்டுதோறும் ஜூலையில் கரை புரளும் ஆற்றில், ஜூலை வெள்ளத்தை எதிர்பாராதது என்று எழுதிய காண்ட்ராக்டருக்கு நான் சிபாரிசு செய்ததில்லை. இன்னொருவர் விஷயம் வேறு. ஆறு புதுத்தடம் வெட்டி, சாமான் கொண்டுபோகும் பாதையையே அறுத்துவிட்டது. மூன்றாம் நாளே போட்டோவும் வேலைப் பதிவேட்டு நகலும் வைத்துக் கடிதம் கொடுத்துவிட்டார். அவருக்குக் கால நீட்டிப்புக் கிடைத்தது. கூடுதல் பணம் கிடைக்கவில்லை.

கடிதத்தின் தேதி மிக முக்கியம். கொரோனா பரவத் தொடங்கியபோது, 2020 பிப்ரவரி 19இல் மத்திய நிதி அமைச்சகம் அரசுக் கொள்முதலுக்காக ஒரு குறிப்பு அனுப்பியது. அந்த நோயை இயற்கைப் பேரிடராகக் கொள்ளலாம் என்றது. ஆனால் இந்தப் பிரிவு கடமையை ஒரேயடியாக நீக்காது, அந்தக் காலத்துக்கு நிறுத்திவைக்கும், அவ்வளவே. நிகழ்ச்சி நேர்ந்தவுடன் தெரிவிக்க வேண்டும், பின்னால் வந்து கேட்க முடியாது. தடை 90 நாளைத் தாண்டினால் எந்தத் தரப்பும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது.

ஒப்பந்தம் உண்மையிலேயே செல்லாததாகிவிட்டால், வாங்கிய முன்பணத்தை வைத்துக்கொள்ள முடியாது; 65ஆவது பிரிவின்படி திருப்ப வேண்டும். வாடகைக் கடை வைத்திருப்போர் ஒன்று கவனிக்கவும். நடப்பிலுள்ள குத்தகைக்கு 56ஆவது பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1968இலேயே சொல்லிவிட்டது. கடை மூடிக்கிடந்த மாதத்துக்கு வாடகை உண்டா என்பதற்கு வாடகைப் பத்திரத்தைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.