காந்த ஊசி திரும்புகிறது, ஏன் நகர்வதில்லை?

சீரான காந்தப்புலத்தில் உள்ள காந்த இருமுனையின் மீது திருப்பு விசை செயல்படும், நிகர விசை சுழி என்பதை மேல்நிலை மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். புரிந்ததா என்பது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி கேட்டாள்: "பூமியே காந்தம்னா, காந்த ஊசி ஏன் சார் வடக்கே நகர்ந்து போகல?"

"புவியின் புலம் வலுக்குறைந்தது" என்றேன்.

"வலு இல்லைன்னா எப்படி சார் ஊசியைத் திருப்புது?"

பல ஆண்டுகள் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிய எனக்கு அப்போது விடை வரவில்லை. மறுநாள் பின்வரும் செயல்பாட்டுடன் வகுப்புக்குச் சென்றேன்.

தேவையானவை: தையல் ஊசி, சட்ட காந்தம், தெர்மாகோல் வில்லை, அகன்ற பிளாஸ்டிக் தொட்டி, நீர்.

செய்முறை: காந்தத்தின் ஒரு முனையால் ஊசியை ஒரே திசையில் முப்பது முறை தேய்க்கவும். ஊசியை வில்லையின் மீது வைத்து, நீரின் நடுவில் மிதக்க விடவும். மின்விசிறியை நிறுத்திவிடவும். சட்ட காந்தத்தைத் தொலைவில் வைக்கவும்.

ஊசி வடக்கு தெற்காகத் திரும்பி நிற்கும். வடக்கு நோக்கி நகராது. லண்டனில் கருவிகள் செய்துவந்த ராபர்ட் நார்மன், 1581-இல் வெளியிட்ட நூலில் இதையே சொன்னார்.

விளக்கம்: நம் பகுதியில் புவியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. ஊசியின் நீளத்துக்குள் அது மாறுவதில்லை என்றே கொள்ளலாம். எனவே வடமுனையை வடக்கேயும் தென்முனையைத் தெற்கேயும் தள்ளும் விசைகள் சமமானவை, எதிரெதிரானவை, கூடுதல் சுழி. ஆனால் அவை ஒரே நேர்க்கோட்டில் அமையாததால் இரட்டையாகி ஊசியைத் திருப்புகின்றன. ஊசி புலத்துக்குச் செங்குத்தாக இருக்கும்போது திருப்பு விசை பெருமம். புலத்துக்கு இணையாகும்போது சுழி.

இப்போது சட்ட காந்தத்தை ஊசியின் அருகில் கொண்டு செல்லவும். வில்லை மிதந்தபடி காந்தத்தை நோக்கி வரும். காந்தத்துக்கு அருகில் புலம் சீரற்றது. ஊசியின் அருகு முனை உணரும் விசை மறுமுனை உணர்வதைவிட அதிகம். மிஞ்சும் விசையே ஊசியை இழுக்கிறது.

ஆகவே அன்று நான் சொன்ன விடை தவறு. ஊசி நகராததற்குக் காரணம் புலம் வலுக்குறைந்திருப்பது அன்று, சீராக இருப்பதே.

மதிப்பீட்டு வினா: சட்ட காந்தத்தின் எந்த முனையைப் பக்கவாட்டில் கொண்டு சென்றாலும், மிதக்கும் ஊசி முதலில் திரும்பி, பின் நெருங்கி வருகிறது. ஏன்? மாணவர்கள் இதற்குத் தம் சொற்களில் விடை எழுதினால் பாடம் புரிந்தது எனக் கொள்ளலாம்.