விளையாட்டுக் கணிப்பொறிக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன்...

வீட்டில் பள்ளி மேல்வகுப்பில் படிக்கும் பிள்ளை இருந்தால், "கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு வேண்டும்" என்ற கோரிக்கை ஒருநாள் வந்தே தீரும். விலையோ பல ஆயிரம். மாயாபந்தரில் வாழும் நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பொருளில் கோளாறு என்றால் பெரும்பாலும் சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆகவே வாங்குமுன் கணக்குப் போடுவது நல்லது. நான் தவறாகக் கணக்குப் போட்டவன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

1. கார்டின் வேலை

திரையில் தெரியும் படம் சிறு புள்ளிகளால் ஆனது. 1920 × 1080 அளவுள்ள சாதாரணத் திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஆட்டம் தடங்கலின்றி ஓட நொடிக்கு 60 படங்கள் தேவை என்று கொள்வோம். அப்படியானால் நொடிக்குப் பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணிக்க வேண்டும். கணிப்பொறியின் பிராசசர், சில கெட்டிக்கார மேஸ்திரிகளைப் போன்றது. கிராபிக்ஸ் கார்டோ ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும் பெருங்கூட்டம். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டில் இத்தகைய கணிப்பு அலகுகள் 3,584 உள்ளன.

2. முதலில் திரையைப் பாருங்கள்

3840 × 2160 அளவுள்ள '4கே' திரையில் புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு. வேலையும் ஏறத்தாழ அவ்வாறே கூடும். வீட்டில் இருப்பது சாதாரணத் திரை என்றால், 4கே திரைக்கான விலையுயர்ந்த கார்டு வீண் செலவு. பலவீனமான பாலம் இருக்கும் பாதையில் எத்தனை குதிரைத்திறன் உள்ள எஞ்சினை ஓட்டினாலும், பாலத்தில் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். பழைய பிராசசருடன் புதுக் கார்டைச் சேர்ப்பதும் அப்படித்தான்.

3. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜி.பி. கார்டும் உண்டு, 6 ஜி.பி. கார்டும் உண்டு. வேறுபாடு நினைவகத்தில் மட்டுமல்ல. முதலாவதில் கணிப்பு அலகுகள் 2,560, இரண்டாவதில் 2,304. ஜி.பி. எண்ணிக்கை மட்டும் வேகத்தைச் சொல்லாது. ஆனால் புதிய ஆட்டங்களுக்கு நினைவகம் போதாவிட்டால் படம் திக்கித் திக்கி ஓடும். இன்று புதிதாக வாங்குவோர் 8 ஜி.பி.க்குக் குறையாமல் பார்ப்பது நலம்.

4. மின்சாரக் கணக்கு: நான் செய்த தவறு

பேரனுக்கு ஆர்.டி.எக்ஸ். 3060 வாங்கினோம். அது 170 வாட் எடுக்கும். பிராசசர் 65 வாட், மற்றவை 50 வாட், மொத்தம் 285. பெட்டியிலிருந்த பழைய எஸ்.எம்.பி.எஸ். 400 வாட். "115 வாட் மிச்சம், தாராளம்" என்று நானே தீர்ப்புச் சொன்னேன். ஆட்டம் சூடுபிடித்ததும் கணிப்பொறி அணைந்துபோகும். இரவெல்லாம் ஆடிக் கெடுத்துவிட்டாய் என்று பேரனைத் திட்டினேன். கார்டைச் சென்னைக்கு அனுப்பினோம். பல வாரம் கழித்து, குறை எதுவும் இல்லை என்று திரும்பி வந்தது.

அதன்பிறகுதான் எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். 400 என்பது எல்லா வோல்ட் வழிகளையும் கூட்டிய எண். கார்டுக்கும் பிராசசருக்கும் மின்சாரம் தரும் 12 வோல்ட் வழியில் 20 ஆம்பியர்தான். 12 × 20 = 240 வாட். '65 வாட்' பிராசசரோ முழுச்சுமையில் 88 வாட் வரை போகக்கூடிய ரகம். 170 + 88 = 258. கார்டு கணநேரத்திற்கு இதைவிட அதிகமாகவும் இழுக்கும். தயாரிப்பாளர் இக்கார்டுக்குச் சொல்லியிருப்பது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். நல்ல எஸ்.எம்.பி.எஸ். மாற்றிய அன்றே கோளாறு தீர்ந்தது. வாழ்நாளெல்லாம் சுமைக் கணக்குப் பார்த்தவன், சராசரியைப் பார்த்து உச்சத்தை மறந்துவிட்டேன். பேரனிடம் "தப்பு என்னுடையதடா" என்று சொல்ல ஒருநாள் முழுக்கத் தயங்கினேன். அவன், "விடுங்க தாத்தா, ஸ்க்ரூடிரைவரை எடுங்க" என்றான்.

5. நம் ஊருக்கான குறிப்புகள்

யு.பி.எஸ். மீது 600 வி.ஏ. என்றிருந்தால், அது பெரும்பாலும் 360 வாட்தான். திரையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஈரமும் உப்புக்காற்றும் உள்ள ஊர் இது. பெட்டியைச் சன்னலருகே வைக்காதீர்கள். தூசியை மாதம் ஒருமுறை துடையுங்கள்.

ரசீதையும் அட்டைப் பெட்டியையும் வாரண்டி முடியும்வரை வைத்திருங்கள்.

திரையின் கேபிளைக் கார்டில் செருகுங்கள். மதர்போர்டில் செருகினால் வாங்கிய கார்டு சும்மா இருக்கும்.

இணைய ஆட்டம் தாமதமானால் கார்டைக் குறை சொல்லாதீர்கள். 2020 ஆகஸ்டில் சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் வந்தபின் இணையம் மேம்பட்டது உண்மை. ஆனால் இணைப்பின் தாமதத்தை எந்தக் கார்டும் குறைக்காது.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

12 வோல்ட் வழியில் 30 ஆம்பியர் தரும் எஸ்.எம்.பி.எஸ். உள்ளது. பிராசசர் உச்சத்தில் 88 வாட். 115 வாட் எடுக்கும் ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டைப் பொருத்தினால், அவ்வழியில் எத்தனை வாட் மிஞ்சும்? விடை: 157. இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். நாம் சரிபார்த்தால் போதும். நாம் போட்டதை அவர்களும் சரிபார்க்கட்டும்.